மேடை வேண்டாம், வேலை கொடுங்கள்

அக்கம்பக்கத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒட்டிக்கொள்ள உதவும் நிகழ்ச்சிகளுக்குத் தரப்படும் சிறு மானியங்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர், இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு வேறு நாடுகளிலிருந்து சில குடும்பங்கள் வந்திருக்கின்றன. அவர்களுக்காக ஒரு வரவேற்பு விழா நடத்த ஆசை. இதற்குச் சிறு மானியம் தருகிறார்களாமே? விண்ணப்பத்தில் என்ன எழுதினால் கிடைக்கும்?

பதில்: தருகிறார்கள். நகராட்சிகளும் தருகின்றன, அறக்கட்டளைகளும் தருகின்றன. என்ன எழுதினால் கிடைக்கும் என்பதைவிட, எதைப் பார்த்தால் நான் விண்ணப்பத்தை ஓரமாக வைப்பேன் என்று சொல்வது எனக்குச் சுலபம். கைக்கு வந்ததும் முதலில் செலவுக் கணக்குப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். நோக்கம், குறிக்கோள் எல்லாம் யாரும் அழகாக எழுதிவிடலாம். கணக்கில்தான் குட்டு வெளிப்படும். மேடை, ஒலிபெருக்கி, பேனர், சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசு என்று பாதிப் பணம் போயிருந்தால், அது வரவேற்கிறவர்கள் தங்களுக்கே எடுக்கும் விழா. வந்தவர்கள் நாற்காலியை நிரப்பத்தான்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு மாதிரி இருக்கும். வந்து போகப் பேருந்துக் கட்டணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஊதியம், மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தொகை. இந்த மூன்றும் இருந்தால், எழுதியவர் யாரோ ஒரு அம்மாவிடம் போய், 'போன தடவை ஏன் வரவில்லை?' என்று கேட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிடும். மொழிபெயர்ப்புக்குப் பள்ளி போகும் பிள்ளையை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் மொழியைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், உண்மைதான். அதற்காக அம்மாவின் உடம்புக்கு என்ன, வாடகை ஏன் பாக்கி என்பதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பதா? அந்தத் தொகையில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், பணத்தை ஒரே நாளில் கரைக்க வேண்டாம். ஒரு விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு தையல் வட்டத்தையோ, சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறையையோ பல மாதங்கள் ஓட்டலாம். முதல் தடவை வருகிறவர் சுவரோரமாக நிற்பார். சில வாரம் கழித்துக் கத்தரிக்கோல் எந்த டிராயரில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு வருகிற இன்னொருவருக்கு அதை எடுத்துக் கொடுப்பவரே அவர்தான். விழாவில் இது நடக்க வழியே இல்லை.

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்த குழு. பதிவு செய்யவில்லை, வங்கிக் கணக்கும் இல்லை. எங்களுக்கெல்லாம் யார் தருவார்கள்?

பதில்: பதிவைப் பெரிதாகப் பார்க்காத திட்டங்கள் உண்டு. கனடாவில் வான்கூவர் அறக்கட்டளை 1999-ல் ஆரம்பித்த அக்கம்பக்கச் சிறு மானியத் திட்டம், அங்கே வசிக்கும் சாதாரண ஆட்களுக்கே 500 டாலர் வரை கொடுத்திருக்கிறது. 2009-ல் பாஸ்டனில் தொடங்கிய 'ஆசம் ஃபவுண்டேஷன்' இன்னும் எளிமை: பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, மாதம் ஒரு யோசனைக்கு 1,000 டாலரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்த மாதிரிக் குழுக்கள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன.

உங்கள் ஊர்த் திட்டம் பதிவு கட்டாயம் என்றால், பதிவுபெற்ற ஓர் அமைப்பின் பெயரில் வாங்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். ஆனால் யார் ரசீது வைத்துக்கொள்வது, நிர்வாகச் செலவு என்று அவர்கள் எவ்வளவு பிடிப்பார்கள், யாராவது விழுந்து அடிபட்டால் யாருடைய காப்பீடு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நல்ல நண்பர்கள்தானே என்று விட்ட இடத்தில்தான் சண்டை வருகிறது.

'உங்கள் பங்கு எவ்வளவு?' என்ற கட்டத்தைப் பார்த்ததும் பயந்து படிவத்தை மூடிவிட வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988-ல் கொண்டுவந்த, மக்கள் போடும் பங்குக்கு ஈடாகப் பணம் தரும் இணைநிதித் திட்டத்தில் தன்னார்வலர்களின் உழைப்பும் மக்கள் பங்காகக் கணக்கில் சேரும். இப்படி ஏற்கும் திட்டங்கள் பல. யார், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று முதல் நாளிலிருந்தே நோட்டில் குறித்து வையுங்கள்.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்தவர்களுக்கு வேலை இல்லை, வீடு இல்லை. நீங்களோ சைக்கிள் பட்டறை என்கிறீர்கள். இந்தச் சில்லறைப் பணத்தால் என்ன ஆகிவிடும்?

பதில்: கோபமில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இது மாற்றுமில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது சிறு மானியத்தை நீட்டினால் நம்பாதீர்கள். ஆனால் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒன்றை எடுத்துக் காட்டினார்: வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவுகளைவிட, எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். புதிதாக வந்தவருக்குச் சொந்தங்கள்கூட இருக்கலாம், இந்த அரைகுறை அறிமுகங்கள்தான் சுத்தமாக இருக்காது. பட்டறையில் கிடைப்பது அதுதான்.

வெறுப்பு குறையுமா என்றும் கேட்பீர்கள். இரண்டு தரப்பும் சமமாக, ஒரே காரியத்துக்காகக் கைகோத்து, மேலிடத்தின் ஆதரவோடு பழகினால் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதினார். பின்னால் பெட்டிகுரூ, டிராப் என்ற ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பொதுவாகக் குறையத்தான் செய்கிறது என்று 2006-ல் சொன்னார்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. இராக்கில் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் சல்மா மூசா என்ற ஆய்வாளர் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். மாதங்கள் கழித்தும் அவர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் மட்டும் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. ஒரு பட்டறை ஊரையே மாற்றிவிடும் என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பது இதனால்தான். பட்டறைக்கு வருகிறவர்களுக்குள் மாறும் என்று எழுதுங்கள், போதும். அதுவே சின்ன விஷயமில்லை.

கேள்வி: நான் புதிதாக வந்தவள். வரவேற்பு நிகழ்ச்சி என்று கூப்பிடுகிறார்கள். போனால் முன்வரிசையில் உட்கார வைத்து, 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று மைக்கை நீட்டுகிறார்கள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

பதில்: 'இந்த முறை வர இயலாது' என்று சொன்னால் போதும் அம்மா. காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பட்ட கஷ்டத்தை மேடையேற்றுவது நீங்கள் கட்ட வேண்டிய நுழைவுக் கட்டணம் கிடையாது.

மனம் இருந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: 'பேச வேண்டாம், எனக்கு இது செய்யத் தெரியும், அதற்கு இடம் தருவீர்களா?' சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ், குடியேறிய ஏழைகள் நடுவில் வேலை செய்த நிலையம். 1900-ல் அங்கே ஓர் உழைப்பு அருங்காட்சியகம் திறந்தார்கள். குடியேறி வந்த பெண்களே அங்கே உட்கார்ந்து, தங்கள் ஊர் முறைப்படி நூல் நூற்றுக் காட்டினார்கள். புது நாட்டில் பள்ளிக்குப் போய், பழைய பாணி அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளைகள், அம்மாவின் கைவேலையை மற்றவர்கள் மெச்சுவதைப் பார்த்து மாறியதை ஆடம்ஸ் எழுதி வைத்திருக்கிறார். கதை சொன்னவர்கள் இல்லை அந்தப் பெண்கள், சொல்லிக் கொடுத்தவர்கள். திட்டம் போடும் கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் கேளுங்கள். உங்கள் நேரத்துக்கு ஊதியம் உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். அப்படி ஒரு வரி கணக்கில் இருந்தால் தேர்வுக் குழுவில் நான் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: மானியம் கிடைத்து நிகழ்ச்சியும் முடிந்துவிட்டது. அறிக்கையில் வந்தவர் எண்ணிக்கையும் படங்களும் கேட்கிறார்கள். வந்தது ஒரு டஜன் பேர்தான், அதிலும் சிலர் படம் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ஒரு டஜன் என்றே எழுதுங்கள். அதில் எத்தனை பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதையும் சேருங்கள், எனக்கு அந்த எண்தான் பெரிது. ஆபத்திலிருந்து தப்பி வந்தவருக்கு ஒரு படம் இணையத்தில் ஏறுவதே ஆபத்தாகலாம். கைகளை, தைத்த துணியை, ஓடத் தயாரான சைக்கிளைப் படமெடுத்து அனுப்பி, முகம் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதினால் விவரம் தெரிந்த எந்தக் குழுவும் ஒத்துக்கொள்ளும். பணம் மிச்சமிருந்தால் அவசரமாக எதையாவது வாங்கித் தீர்க்காமல், முதலில் மானியம் தந்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இன்னும் சில கூட்டங்கள் நடத்த அனுமதிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள்.