சிக்கனும் சோறும் மட்டும் போதாது: நாய்க்கு வீட்டுச் சமையல், கேள்வி பதில்

பெங்களூரில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவராகப் பதில் எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். மருந்து கேட்டவர்கள் நாயை நேரில் காட்டுங்கள். பார்க்காமல் மருந்து சொல்வது என் வழக்கமில்லை.

அல்சூர்: பத்து கிலோ நாட்டு நாய், மூணு வயசு, கருத்தடை ஆகிவிட்டது. கடைத் தீனியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சமைக்கலாம் என்று இருக்கிறோம். என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் டாக்டர்?

எடை, வயது, கருத்தடை மூன்றையும் சொல்லிக் கேட்டதற்கு நன்றி. இது தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். அதற்கு எலும்பில்லாத, தோலில்லாத கோழிக்கறி 200 கிராம், அரிசி 60 கிராம், ஒரு முட்டை, மஞ்சள் பூசணி அல்லது கேரட், பீன்ஸ் சேர்ந்து ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. குக்கரில் கறியையும் அரிசியையும் காயையும் சேர்த்துக் குழைய வேகவைத்து, காயை மட்டும் கரண்டியால் மசித்துவிடுங்கள். முழுசாகப் போட்டால் பீன்ஸ் உள்ளே போனபடியே வெளியே வரும். மிளகாய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் நாய்க்கு மெல்ல மெல்ல கெடுதல்தான் செய்கிறீர்கள். 200 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 400 மில்லிகிராம் வரை இருக்கிறது; கால்சியமோ 25 மில்லிகிராம்தான். நாய்க்குத் தேவை சுமார் 750. சாப்பாட்டில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் முட்டை ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, உள்சவ்வை உரித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காய்ந்ததும் மிக்ஸியில் அரையுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது, கோலமாவு போல வழுக்க வேண்டும். நறநறத்தால் சலித்துவிட்டுத் திரும்ப அரையுங்கள். இந்தப் பொடியில் தட்டையாக அரை டீஸ்பூன், தினமும், சாப்பாட்டில் கலந்து.

வாரத்தில் ஒரு நாள் கறியில் கொஞ்சத்தைக் குறைத்து 50 கிராம் கோழி ஈரல், இன்னொரு நாள் முள் எடுத்த மத்தி மீன். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், அதனால் தினமும் வேண்டாம். இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ குறையும். 2013இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டு நாயுணவுக் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே உள்ள சத்துப்பொடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேசர் டவுன்: ராத்திரி மிச்சமான சாம்பார் சாதத்தில் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடலாமா?

கூடாது. வெங்காயத்தின் நஞ்சு குழம்பில் இறங்கியிருக்கும், கொதித்தாலும் போகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ரசமும் அப்படித்தான்.

ஜெயநகர்: ராகியில்தான் நிறைய கால்சியம் இருக்கிறதே, ராகிக் களி போட்டால் முட்டை ஓடு எதற்கு?

கர்நாடகத்தில் இருந்துகொண்டு ராகியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நல்ல தானியம். அரிசிக்குப் பதிலாகப் பாதி ராகி போடலாம், மலம் சீராகப் போகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 750 கிடைக்க 200 கிராமுக்கு மேல் ராகி வேண்டும். அந்த ராகியே 600 கலோரியைத் தாண்டிவிடும், அப்புறம் கறிக்கு இடமே இல்லை. ராகியில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் வேறு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ராகி தானியத்துக்கு மாற்று. முட்டை ஓட்டுக்கு மாற்று இல்லை.

கே.ஆர். புரம்: மூணு மாச லேப்ரடார் குட்டி. கடைத் தீனி வேண்டாம் என்று சிக்கனும் சோறும் மட்டும் தருகிறோம். நன்றாகச் சாப்பிடுகிறான். இரண்டு நாளாகப் பின்னங்காலை நொண்டுகிறான்.

நாளைக் காலையே எக்ஸ்ரே எடுங்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

இதே வயதில், இதே சாப்பாட்டில் ஒரு குட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். சோபாவிலிருந்து குதித்ததும் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த உயரத்தில் குதித்து முறியக் கூடாது. படத்தில் மற்ற எலும்புகளும் சுற்றியிருந்த சதையின் நிறத்திலேயே மங்கலாகத் தெரிந்தன; எலும்பின் வெள்ளை ஓரம் பென்சில் கோடாக இருந்தது. அந்த வீட்டில் யாரும் குட்டியைப் பட்டினி போடவில்லை. நாளுக்கு மூன்று வேளை, நல்ல கோழி. கால்சியம்தான் இல்லை.

வளரும் குட்டிக்கு, அதிலும் பெரிய இனக் குட்டிக்கு, கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. அதனால் அல்சூருக்குச் சொன்ன அளவைக் குட்டிக்கு எடுக்காதீர்கள். ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று உள்ள கடைத் தீனியே முக்கிய உணவாக இருக்கட்டும்; பெரிய இனமென்றால் ஒன்றரை வயது வரை, பெரிய இனக் குட்டிகளுக்கென்று உள்ள தீனி.

மல்லேஸ்வரம்: நாங்கள் சைவம். 25 கிலோ லேப்ரடாருக்குத் தயிர்சாதம், வேகவைத்த காய் மட்டும் தருகிறோம். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு நாய்களுக்கு இதுதான். சரிதானே டாக்டரம்மா?

கம்மனஹள்ளி: இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும். நாய் ஓநாய் வம்சம். உங்கள் ஆசாரத்துக்காக வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுவது பாவம்.

இரண்டு பேருக்குமே பதில் சொல்கிறேன்.

கம்மனஹள்ளிக்காரரே, வம்சம் ஓநாய்தான். ஆனால் மனிதனோடு சோறு தின்று வாழ்ந்ததில் நாயின் உடம்பு மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிதான், நாயில் 4 முதல் 30 வரை என்று 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாய்க்குச் சோறு செரிக்கும். பட்டினி போடுகிறார்கள் என்று சொல்லாதீர்கள், அவர்களும் அன்போடுதான் போடுகிறார்கள்.

மல்லேஸ்வரத்துக்கு: தயிர்சாதம் மட்டும் என்றால் சரியில்லை. பத்து கிலோ நாயின் 600 கலோரியைத் தயிர்சாதத்திலேயே நிரப்பினால் புரதம் 16 கிராம்தான் தேறும். குறைந்தபட்சம் 27 வேண்டும். உங்கள் நாய்க்கு இதில் இரண்டு மடங்கு போதாமை. சதை கரையும், முடி மங்கும். கோல்டன் ரெட்ரீவர் போன்ற சில இனங்களில் டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்து இதயமே பலவீனமாகும்.

மல்லேஸ்வரம்: தாத்தாவின் நாய் வெறும் தயிர்சாதத்தில் நன்றாக வாழ்ந்ததே?

அந்த நாயைக் கட்டிப்போட்டு வளர்த்தார்களா? பகலெல்லாம் தெருவில் சுற்றியிருக்கும். எலி, ஓணான், பக்கத்து வீட்டு எலும்பு, குப்பைத்தொட்டி என்று மீதியைத் தானே தேடிக்கொண்டிருக்கும். உங்கள் லேப்ரடார் மூடிய வீட்டில், நீங்கள் வைக்கும் தட்டை மட்டும் நம்பி இருக்கிறது. தட்டில் இல்லாதது அதற்கு எங்கேயும் இல்லை.

கம்மனஹள்ளி: அதைத்தானே நானும் சொல்கிறேன். பச்சைக்கறி போடச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். நம் கோழிக்கடைக் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நாய் தாங்கிக்கொள்ளும், அதே வாயால் குழந்தையின் முகத்தை நக்கும். வேகவைத்தே போடுங்கள்.

மல்லேஸ்வரம், முட்டைக்கு மட்டும் சம்மதித்தால் வழி இருக்கிறது. தினமும் மூன்று முட்டை, மீல் மேக்கர் 40 கிராம், பாசிப்பருப்பு 50, பனீர் 50, அரிசி 120 கிராம், காய். முட்டை ஓட்டுப் பொடி ஒரு டீஸ்பூன். வைட்டமின் டி, பி12 உள்ள சத்துப்பொடி கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை.

மல்லேஸ்வரம்: முட்டை எங்கள் சமையலறைக்குள் வராது.

சரி, அதை மதிக்கிறேன். அப்படியானால் வீட்டுச் சமையல் வேண்டாம். முழுமையான உணவு என்று பொட்டலத்தில் அச்சிட்ட சைவ நாய்த் தீனி வாங்குங்கள், மேலே இரண்டு கரண்டி தயிர் ஊற்றுங்கள். கம்மனஹள்ளியிலிருந்து இன்னும் மூன்று செய்தி வந்திருக்கிறது, இன்னொருவர் அதற்குப் பதிலும் போட்டிருக்கிறார். மதம், சாதி பற்றிய எதையும் இங்கே எடுக்கவில்லை. காத்திருப்பவர்களைக் கவனிக்கிறேன்.

ராஜாஜிநகர்: ராகியில் கால்சியம் இருக்கிறதே டாக்டர்?

ஜெயநகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விவேக் நகர்: பண்டிகைக்கு ஒரு வாய் பாயசம், சர்க்கரைப் பொங்கல்?

உலர்திராட்சை உள்ள எதுவும் கூடாது, ஒரு வாய்கூட. சிறுநீரகம் செயலிழக்கும். எந்த நாய்க்கு எத்தனை திராட்சையில் பாதிக்கும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சாக்லேட்டும் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்பும் இதே பட்டியல்.

ஒயிட்ஃபீல்டு: எங்கள் அடுக்குமாடிக்கு வெளியே ஆறு தெருநாய்களுக்குத் தினமும் குளுக்கோஸ் பிஸ்கட் போடுகிறேன். சங்கத்தில் சண்டை.

பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும்தான், அதை விடுங்கள். பெரிய குக்கரில் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ எலும்பில்லாத கோழிக்கறி, கொஞ்சம் மஞ்சள் பூசணி. ஆறு நாய்க்கு ஒரு வேளைக்குத் தாராளம். 2025 ஜூலையில் நம் மாநகராட்சியே சுமார் 5000 தெருநாய்களுக்குக் கோழியும் சோறும் போடும் திட்டத்தை அறிவித்தது, நினைவிருக்கும். சண்டைக்கு: 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளில் 20ஆம் விதியைச் சங்கத்தில் காட்டுங்கள். உணவிடும் இடத்தைக் குறித்துத் தருவது சங்கத்தின் பொறுப்பு. அது குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும். உணவிடுபவர் இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், அதையும் நீங்கள் மறக்கக் கூடாது.

ஸ்ரீராமபுரம்: குக்கரில் வேகவைத்த கோழி எலும்பு?

வேண்டாம். வெந்த எலும்பு ஊசியாக உடையும், குடலைக் கிழிக்கும்.

ஆர்.டி. நகர்: கிட்னி பிரச்சினை உள்ள 11 வயது நாய்க்கு அல்சூர் அளவு சரியா?

சரியில்லை. அதற்குப் பாஸ்பரஸ் குறைந்த சாப்பாடு வேண்டும். ரத்த அறிக்கையோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

பானஸ்வாடி: ராகி மால்ட் கொடுத்தால் கால்சியம்...

முட்டை ஓடு. அரை டீஸ்பூன்.

அல்சூர்: மறுபடியும் நான்தான் டாக்டர். நாளையிலிருந்தே முழுசாக மாற்றிவிடலாமா? ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் சமைத்து வைக்கலாமா?

ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுச் சாப்பாடு, அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால். எட்டு நாளில் முழுசாக வந்துவிடலாம். சமைத்தது ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் என்றால் ஒரு நாள் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். முட்டை ஓட்டுப் பொடியைச் சேர்த்து வைக்காமல் தட்டில் போடும்போது கலந்தால் போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வராது. மாற்றிய நாளில் ஒரு முறை எடை பாருங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. ஏறியிருந்தால் அரிசியைக் குறையுங்கள், கறியைக் குறைக்காதீர்கள்.