மடிக்கணினியில் ஓடும் டிரைவர் ராஸ்பெரி பையில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் யூஎஸ்பி உணரிக்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதியிருக்கிறேன். அளவு வந்ததும் அதை நினைவகத்தில் எழுதி, பிறகு ‘அளவு தயார்’ என்று காட்டும் ஒரு கொடியை (மாறியை) 1 ஆக்குகிறேன். வாசிக்கும் பகுதி கொடியைப் பார்த்தபின் அளவை எடுக்கிறது. இன்டெல் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. ஆர்ம் செயலி கொண்ட சிறு கணினியான ராஸ்பெரி பை 4-இல் மட்டும் எப்போதாவது பழைய அளவே வருகிறது. சோதிப்பதற்காக செய்தி பதியும் பிரிண்ட்கே வரியைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடுகிறது. ஆர்ம் செயலிக்கு மட்டும் இஃப்டெஃப் (செயலியைப் பொறுத்து வரிகளைச் சேர்க்கும் கட்டளை) போட்டு ஒரு மெமரி பேரியர் (எழுதும், படிக்கும் வரிசை மாறாமல் தடுக்கும் ஆணை) வைத்தால் போதுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: பேரியர் வேண்டும், இஃப்டெஃப் வேண்டாம்.

இன்டெல் மடிக்கணினியில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலியில் ஒரு கோர் (செயலிக்குள் தனித்து இயங்கும் பகுதி) சாதாரண நினைவகத்தில் எழுதுபவை, எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்குத் தெரியவரும். ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை: அளவும் கொடியும் வெவ்வேறு முகவரிகளில் இருப்பதால் கொடி முந்திக்கொள்ளலாம், வாசிக்கும் கோரும் கொடியைப் பார்க்குமுன்பே அளவை எடுத்து வைத்திருக்கலாம். பிரிண்ட்கே நேரத்தை இழுத்தடிப்பதால் அந்த நுண்ணிய இடைவெளி சிக்காமல் போகிறது, அவ்வளவே. மடிக்கணினியில் தப்பித்ததை வைத்து நிரல் சரியென்று கொள்ள முடியாது. அந்த இரு வரிகளை, நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றும் கம்பைலரே இடம் மாற்றவும் சி மொழி இடங்கொடுக்கிறது.

ஆகவே கொடியை எழுதுமிடத்தில் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், படிக்குமிடத்தில் எஸ்எம்பி_லோட்_அக்வயர் என, பேரியரின் வேலையையும் சேர்த்துச் செய்யும் இரண்டையும் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் பயனில்லை. ஆர்ம்64-இல் இவை எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் ஆணைகளாகின்றன. எக்ஸ்86-இல் வழக்கமான மூவ் ஆணைகளாகவே நின்று கம்பைலரை மட்டும் கட்டுப்படுத்துவதால், இன்டெலில் வேகம் குறையுமோ என்ற கவலைக்கும் இடமில்லை. செயலிக்குச் செயலி மாறுவதையெல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலின் ‘ஆர்ச்’ கோப்புறை ஏற்றுக்கொள்ளும். டிரைவருக்குள் செயலியின் பெயரே வரக்கூடாது என்பது என் கருத்து. 1991-இல் இன்டெல் 386-க்காகத் தொடங்கிய லினக்ஸ், 1995-இல் வந்த 1.2 பதிப்பிலேயே ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளையும் சேர்த்துக்கொண்டது. இவற்றில் ஆல்ஃபா பொல்லாதது: சுட்டியின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியின்) புதிய மதிப்பைப் படித்து, அது காட்டும் இடத்துக்குப் போனாலும் பழைய மதிப்பே கிடைக்கலாம். ஒவ்வொரு டிரைவரிலும் இதற்கெல்லாம் இஃப்டெஃப் எழுதியிருந்தால் யாராலும் கட்டிமேய்த்திருக்க முடியாது.

நினைவகப் பக்கத்தின் (கெர்னல் நினைவகத்தைப் பகுக்கும் துண்டின்) அளவு 4096 பைட் என்று எங்காவது கையால் எழுதியிருந்தால், அதையும் இப்போதே பேஜ்_சைஸ் என மாற்றிவிடுங்கள். ராஸ்பெரி பை 5-இல் அதன் சொந்த இயங்குதளம் இயல்பாகவே 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துகிறது.