பெட்டியடிக்கு ஐயா எந்த வயதில் போனார்?

கேள்வி: அரசுச் செயலர்களில் யார் எந்தச் சாதி, யார் கிராமம், யார் நகரம் என்று தலை எண்ணுகிற பேச்சு பெருத்துவிட்டது. மேலே போக வேண்டியது திறமையா, பின்னணியா? எங்கள் ஐயா 13 வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது நகரத்தார் வட்டிக்கடையில் வேலை பழகும் கடைசிநிலைப் பையனாகப் போனவர். அடுத்தாளாகி (உதவியாள்), மேலாளாகித்தான் (கடையை நடத்துபவர்) ஊர் திரும்பினார். அவரிடம் யாரும் பின்னணி கேட்கவில்லையே! (பி.கு.: பேரனுக்கு 21 வயது. டெல்லியில் ஐ.ஏ.எஸ். பயிற்சியில் இருக்கிறான். வாழ்த்துங்கள்.)
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கேட்கவில்லையா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கள் அண்ணே. "எந்த ஊரு, எந்தக் கோயிலு, யாரு வீட்டுப் புள்ளை?" என்று பட்டாலையில் உட்கார வைத்து விசாரித்த பிறகுதானே சம்பளச் சீட்டு எழுதினார்கள்? இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் உட்பிரிவுகளான ஒன்பது கோயிலில் ஒன்றைச் சொல்லத் தெரியாத பையன் பெட்டியடியில் உட்கார்ந்தது அபூர்வம். அதே கடையில் சமைத்துப் போட்டவர் சமையற்காரராகவேதான் கப்பலை விட்டு இறங்கினார். அவருக்குக் கணக்கு வராது என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? பின்னணி கேட்டது உங்கள் ஐயாவுக்கு உறுத்தவில்லை. பதில் கையில் இருந்தவருக்குக் கேள்வி உறுத்தாது.

போகட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த 13 வயதுதான். ஐயா 33 வயதில் பெட்டியடிக்குப் போயிருந்தால் மேலாள் ஆகியிருப்பாரா? எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்தாளோடு கணக்கு முடிந்திருக்கும். இந்திய ஆட்சிப் பணியிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

60 வயதில் ஓய்வு. மாநிலத்தில் முதன்மைச் செயலர் நிலைக்கு வரவே ஏறத்தாழ 25 வருடச் சேவை வேண்டும். தலைமைச் செயலர் நிலைக்கு 30. டெல்லியில் செயலர் பட்டியலில் பெயர் வருவதும் முப்பதைத் தாண்டித்தான். 23 வயதில் தேறியவருக்கு 37 வருடம் கையிருப்பு. 33-ல் தேறியவருக்கு 27. எங்கள் அச்சகத்தில் பக்கம் கட்டுகிற தம்பிக்கு 29 வயது. பகலில் வேலை, இரவில் படிப்பு, இரண்டாவது தடவை எழுதுகிறான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், சரி. ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அந்த ஆங்கிலத்தைப் பிடிக்கவே அவனுக்கு மூன்று வருடம் போயிற்று. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வரை எழுதலாம் என்ற சலுகை வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த வயதில் நுழைந்தவருக்கு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் ஓய்வு உத்தரவு வந்துவிடுகிறது. துணை ஆட்சியராகச் சேர்ந்து பதவி உயர்வில் ஐ.ஏ.எஸ். ஆகிறவர்கள் நிலையும் இதுதான். பலருக்கு ஆட்சியர் நாற்காலியே கடைசி நாற்காலி.

2023 செப்டம்பரில் மக்களவையில் ராகுல் காந்தி, மத்திய அரசின் 90 செயலர்களில் பிற்படுத்தப்பட்டோர் மூவர்தான் என்றார். கட்சிச் சண்டையை விடுங்கள். அதற்கு நியாயமான ஒரு விளக்கம் உண்டு: அன்றைய செயலர்கள் 1990-ஐ ஒட்டிப் பணிக்கு வந்தவர்கள், மண்டல் ஒதுக்கீடோ மத்திய வேலைகளில் 1993-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் சாதியினருக்கு என்ன விளக்கம்? அவர்களுக்கான ஒதுக்கீடு அரசியல் சட்டம் வந்த நாளிலிருந்து இருக்கிறது. 2019-ல் 89 செயலர்களில் அவர்கள் ஒரே ஒருவர் என்று செய்தி வந்தது. அடிமட்டத்தில் 15 விழுக்காடு சேருகிறவர்கள் உச்சியில் 89-க்கு ஒன்றாக வற்றிப்போவது எப்படி? செயலரைத் தேர்ந்தெடுக்கப் பரீட்சை கிடையாது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும், சக அதிகாரிகளின் அபிப்பிராயமும், மிச்சமிருக்கும் சேவைக்காலமும்தான். அந்த அபிப்பிராயத்தில் 'எந்தக் கோயில்' என்ற கேள்வி வேறு வேஷத்தில் வராது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா?

சரி, யார் உட்கார்ந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நம் பக்கத்தில் ஒரு விவசாயிகள் குறைதீர் கூட்டம். பெரியவர் ஒருவர் எழுந்து, "கலுங்கை ஒசத்திட்டாங்கய்யா, தண்ணி எங்க வயலுக்குள்ள ஏறுது" என்றார். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கட்டுமானம். மேடையில் இருந்த இளம் அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி "கல்வெர்ட்டு" என்று குறித்துக்கொண்டார். அது சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலம். மனு நெடுஞ்சாலைத்துறைக்குப் போயிற்று. நான்கு மாதம் கழித்து, 'எங்கள் பராமரிப்பில் உள்ள கல்வெர்ட்டுகள் நல்ல நிலையில் உள்ளன' என்று பதில் வந்தது. அதற்குள் பயிர் அழுகி, அந்த மனிதர் அடுத்த விதைப்புக்கு நகையை வைத்துவிட்டார். அந்த மேடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். கண்மாய்க்கரையில் வளர்ந்தவர் ஒருவர் இருந்திருந்தால் "சார், அது வேற" என்று அங்கேயே சொல்லியிருப்பார்.

உடனே எனக்கு எதிராக நானே சாட்சி சொல்கிறேன். வடக்கேயிருந்து வந்த ஒருவர், கலுங்கு என்றால் என்ன என்று கேட்டு, பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கண்மாயில் இறங்கி நின்றதையும் பார்த்திருக்கிறேன். நம் மண்ணில் பிறந்த சம்சாரி மகன், நாற்காலி சூடான பிறகு தலை நிமிராமல் "மனுவ வச்சுட்டுப் போங்க" என்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஆளுக்கு ஆள் சாதிச் சான்றிதழைப் பார்த்து மார்க் போடச் சொல்லவில்லை. எட்டு நாற்காலியும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்களால் நிரம்பக்கூடாது என்கிறேன்.

தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர் உங்களுக்குத் தெரியாததா? நான்கு வடம், உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்று நான்கு நாடு, அதாவது ஊர்த்தொகுதி. எங்களுக்கும் வடத்தில் கை வைக்க உரிமை உண்டு என்று ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டதற்கு எத்தனை சமாதானக் கூட்டம், எத்தனை வழக்கு! தேர் ஆண்டுக்கணக்கில் நிலையை விட்டு நகரவில்லை. 2024-ல் போலீஸ் காவலோடு ஓடியது. சமாதானக் கூட்டத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களின் பின்னணியை அந்த மக்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்களா?

பேரனுக்கு வாழ்த்துகள். தேர்வு எழுதக் குறைந்தபட்ச வயதே 21தான். சரியான வயதில்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அவனும் எங்கள் அச்சகத் தம்பியும் ஒரே வருடம் தேறினால், எட்டு வருடம் மூத்தவன் ஓய்வு பெறுகிற அன்று உங்கள் பேரனுக்கு 52 வயது ஆகியிருக்கும்.