பழுது மவுஸிலா, பிரவுசரிலா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். கம்ப்யூட்டரிலோ போனிலோ பக்கத்தை நகர்த்தினால் குதிக்கிறது, தானாக ஓடுகிறது, உடைந்து தெரிகிறது. ஃபிரிட்ஜ், மிக்ஸி கேள்விகளை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: எந்தப் பக்கத்தைத் திறந்து கீழே நகர்த்தினாலும் இரண்டு வரி இறங்கி மூன்று வரி மேலே ஏறுகிறது. குரோமை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஃபயர்பாக்ஸிலும் அப்படியே. கடைக்காரர் வைரஸ் என்கிறார். — ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இரண்டு பிரவுசரிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் பழுது பிரவுசரில் இருக்க வாய்ப்பு குறைவு. மவுஸைத் தொடாமல் கீபோர்டில் கீழ் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். பக்கம் ஒழுங்காக இறங்கினால் மவுஸின் சக்கரம்தான் போயிருக்கிறது.

சக்கரத்தோடு என்கோடர் என்ற சின்ன பாகம் ஒன்று இருக்கும். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே தொடும் முனைகள் தேய்ந்துபோனாலோ, தூசும் முடியும் அடைத்துக்கொண்டாலோ, நீங்கள் கீழே சுற்றும்போதும் நடுநடுவே ‘மேலே’ என்று தப்பாகச் சொல்லும். மவுஸைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் இடுக்கில் நன்றாக ஊதி, இரண்டு பக்கமும் வேகமாகப் பல தடவை சுற்றுங்கள். தூசு மட்டும் என்றால் சரியாகிவிடும். தேய்மானம் என்றால் கொஞ்ச நாளில் திரும்ப வரும், அப்போது புது மவுஸ்தான். வயர்லெஸ் மவுஸாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதன் ரிசீவர் (கம்ப்யூட்டரில் சொருகும் சின்னத் துண்டு) சிபியுவின் பின்பக்கம் சொருகியிருந்தால் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

வாங்கிய பெட்டியைத் தேடி எடுங்கள். பல கம்பெனி மவுஸ்களுக்கு ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை வாரண்டி உண்டு; பில் இருந்தால் மாற்றித் தருவார்கள். நான் வாங்கிய ஒரு வயர்லெஸ் மவுஸ் இதே மாதிரி பின்னோக்கி ஓடியது. மூன்று வருஷ வாரண்டி என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் கடையில் கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான் கொடுத்திருந்தார்கள், அதை வைத்து எதுவும் நடக்கவில்லை. அதிலிருந்து 300 ரூபாய் சாமான் என்றாலும் பில் வாங்காமல் நான் கடையை விட்டு இறங்குவதில்லை.

கேள்வி: சில நேரம் பக்கம் தானாகவே கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. மவுஸ் அம்பு இருந்த இடத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. மதர்போர்டு போய்விட்டதா? — தாம்பரம்

பதில்: இல்லை. சக்கரத்தைச் சுற்றும்போது அழுத்திவிடுகிறீர்கள், அதனால் பக்கம் தானாக ஓடும் வசதி தொடங்கிவிடுகிறது. எஸ்கேப் கீயைத் தட்டுங்கள், நின்றுவிடும்.

கேள்வி: ஒரே ஒரு தளத்தில் மட்டும் எழுத்துகள் பெரிதாகி, வலதுபக்கம் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. புது மானிட்டர் வாங்கலாமா? — திருப்பூர்

பதில்: வேண்டாம். அந்தத் தளத்துக்கு மட்டும் ஜூம் கூடியிருக்கும். அதைத் திறந்து வைத்து கண்ட்ரோல் கீயையும் பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்துங்கள்.

கேள்வி: மகளின் லேப்டாப்பில் பக்கத்தை நகர்த்தும்போது கறுப்புக் கட்டங்கள் வந்து வந்து மறைந்தன. எங்கள் தெருக் கடையில் கொடுத்தேன். ஃபார்மட் செய்து, கிராஃபிக்ஸ் சிப் சரிபார்த்ததாக 4,500 ரூபாய் வாங்கினார்கள். மகளின் புராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரே வாரத்தில் கறுப்புக் கட்டமும் திரும்ப வந்துவிட்டது. பில் கேட்டால் தர மறுக்கிறார்கள். — சேலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. முதலில் படங்களைப் பார்ப்போம். லேப்டாப்பில் இனி எதையும் சேமிக்காதீர்கள், புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுத்து ஓரளவு மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்ற புதிய வகை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. போனில் எடுத்த படங்கள் கூகுள் கணக்கில் ஏறியிருக்கலாம், அதையும் பாருங்கள். புராஜெக்டை மகள் யாருக்காவது மெயிலில் அனுப்பியிருந்தால் அங்கே கிடைக்கும்.

அடுத்து கறுப்புக் கட்டம். பிரவுசர் பக்கத்தை வரையும் வேலையைத் துண்டு துண்டாக கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கிறது. சிப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழையதாகவோ பொருந்தாததாகவோ இருந்தால் சில துண்டுகள் வரையப்படாமல் கறுப்பாக நிற்கும். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டுக் குரோமை மூடித் திறக்கச் சொல்லுங்கள். கட்டங்கள் மறைந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிஸ்ப்ளே டிரைவரை இறக்கிப் போட்டுவிட்டு, சுவிட்சைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடும் ஃபார்மட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

இதை நான் பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். பக்கம் குதித்தால் ஃபார்மட், பிரிண்டர் ஓடாவிட்டால் ஃபார்மட், வேகம் குறைந்தால் ஃபார்மட். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வீட்டை இடித்துக் கட்டித் தருகிற மாதிரி வேலை இது. காரணம் என்னவென்று தேட அறிவும் பொறுமையும் வேண்டும். ஃபார்மட்டுக்கு இரண்டும் வேண்டாம். பென்டிரைவைச் சொருகிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடலாம். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் அழிவது அவர்களுக்கு நஷ்டமில்லை. அதற்கு மேல், லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஏற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. ஒழுங்கான டெக்னீஷியன் முதலில் வேறு மவுஸை மாட்டிப் பார்ப்பார். குரோமின் தனி ஜன்னலான இன்காக்னிட்டோவில் திறந்து, பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களின் வேலையா என்று பார்ப்பார். இன்னொரு பிரவுசரில் பார்ப்பார். அப்புறம்தான் விலை பேசுவார். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஃபார்மட் கடைகள் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

இனி யாரிடம் கொடுத்தாலும் ஜாப் ஷீட் கேளுங்கள். என்ன புகார், உத்தேசச் செலவு எவ்வளவு என்பதோடு ‘கேட்காமல் டேட்டாவை அழிக்கக் கூடாது’ என்ற வரியையும் அதில் எழுத வையுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கேட்காமல் டேட்டாவை அழித்ததும், பழுது தீராமல் பணம் வாங்கியதும் சேவைக் குறைபாடு. நடந்ததைத் தேதியோடு எழுதி, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்புங்கள். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ-யில் செலுத்தியிருந்தால் அந்த விவரம் சாட்சி. அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். போடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆன்லைன் தள்ளுபடியில் 14,990 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். பத்துப் பதினைந்து டேப் திறந்தால் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. நகர்த்தினால் எழுத்து பின்னாலேயே மெதுவாக வருகிறது. பழுதான பொருள் என்று பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? — மதுரை

பதில்: கேட்க முடியாது. நீங்களே அனுப்பியிருக்கும் படத்தில், பொருளின் பெயருக்குக் கீழேயே 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி (சேமிப்பகம்) என்று இருக்கிறது. சொன்னதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். விலைக்கு எதிரே போட்ட தள்ளுபடி சதவீதத்தைப் படித்தீர்கள், அதை ஒட்டி இருந்த வரியைப் படிக்கவில்லை. இன்றைய பக்கங்கள் படமும் விளம்பரமும் வீடியோவுமாகக் கனக்கின்றன. 4 ஜிபியில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பதினைந்து டேபுக்கு அதில் இடமில்லை. இவ்வகை மாடல்கள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவும் முடியாது. குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரைப் போடுங்கள், நாலைந்து டேபோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேப்டாப் வாங்கப் போகிற மற்றவர்கள் 8 ஜிபிக்குக் குறைவாக எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: போன் சார்ஜில் இருக்கும்போது மட்டும் பக்கம் தானாக மேலும் கீழும் ஓடுகிறது, விளம்பரங்களைத் தானே திறக்கிறது. யாராவது ஹேக் செய்கிறார்களா? — நாகர்கோவில்

பதில்: சார்ஜரை மாற்றுங்கள். தொடுதிரை, விரல் படும்போது ஏற்படும் மிகச் சின்ன மின்மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மட்டமான சார்ஜர் அனுப்பும் மின்சாரத்தில் இரைச்சல் இருந்தால், யாரும் தொடாமலே தொட்டதாகத் திரை நினைத்துக்கொள்கிறது. பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்கு நான் வாங்கிய சார்ஜரும் இதைத்தான் செய்தது, கையும் சுட்டது. சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாகவும் அச்சிடுகிறார்கள் என்பதால் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள். சார்ஜரைக் கழற்றிய பிறகும் ஓடினால் திரைமேல் ஒட்டிய ஸ்க்ரீன் கார்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டிஸ்ப்ளே பழுது.

கேள்வி: லேப்டாப்பில் டச்பேடைத் தொடாமலே பக்கம் நகர்கிறது, க்ளிக்கும் சரியாக விழுவதில்லை. டச்பேட் கொஞ்சம் மேலே எழும்பிய மாதிரி இருக்கிறது. அழுத்தி டேப் ஒட்டியிருக்கிறேன். — காரைக்குடி

பதில்: டேபை எடுங்கள். லேப்டாப்பை உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும். அது உப்பினால் டச்பேடைத்தான் மேலே தள்ளும். சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள், அழுத்த வேண்டாம். ஆடினால் அடிப்பக்கமும் உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். நீங்களே திறக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் டச்பேடும் சரியாகிவிடும். இந்தக் கடிதத்துக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன்.

கேள்வி: அப்பா செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் ‘வைரஸ்’ என்று சிவப்பாக வந்து, பக்கம் நகராமல் நின்றுவிட்டது. அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார். ஏதோ ஆப் போடச் சொல்லி, 9,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அவமானமாக நினைத்து எங்களிடம் இரண்டு நாள் சொல்லவே இல்லை. — கோவை

பதில்: அப்பாவிடம் யாரும் கோபப்படாதீர்கள். பயமுறுத்துவதற்கென்றே தயாரித்த திரை அது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். இரண்டு நாள் போய்விட்டதே என்று விட வேண்டாம். போடச் சொன்ன ஆப் வேறொருவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கானதாக இருக்கும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் தெரியாத தளங்களுக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள், இந்தச் சிவப்புத் திரைகள் அந்த வழியாகவும் திரும்பத் திரும்ப வரும். மறுபடி வந்தால் எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு டேபை மூடிவிடலாம். மூட முடியாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4-உம்.

கேள்வி: ஷாப்பிங் தளத்தில் பட்டனைத் தொடப் போகும்போது பக்கம் சட்டென்று கீழே இறங்குகிறது, வேறு எதையோ தொட்டுவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் ஒன்று பில்லில் சேர்ந்துவிட்டது. — புதுச்சேரி

பதில்: பக்கம் இறங்குவது தளத்தைக் கட்டியவர்களின் குறை. படத்துக்கும் விளம்பரத்துக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்காமல் விட்டால், அவை தாமதமாக வந்து நுழையும்போது மற்றதைத் தள்ளிவிடும். பக்கம் முழுதாக வரும்வரை பொறுத்துத் தொடுங்கள். நீங்கள் தொட்டுச் சேர்ந்ததா, அவர்களே சேர்த்து வைத்திருந்ததா என்று பாருங்கள். கேட்காமல் கூடையில் எதையாவது சேர்ப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. ஸ்க்ரீன்ஷாட்டோடு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்லவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

கேள்வி: விண்டோஸ் 7 போட்ட செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் 6,000 ரூபாய்க்கு வருகிறது. பக்கங்கள் கொஞ்சம் கோணலாகத் தெரிகின்றன, அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? — விழுப்புரம்

பதில்: வாங்காதீர்கள். விண்டோஸ் 7-க்கான கடைசி குரோம் 109, அது 2023-இல் வந்தது. அதற்கு மேல் அதில் அப்டேட் கிடையாது.