நண்பர் தரும் பழைய கைடு போதுமா?

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்போருக்குக் காம்ப்டியா அமைப்பு சான்றிதழ் தரும் ஏ பிளஸ் தேர்வு எழுத ஆசை. 2019-இல் வந்த கைடு ஒன்றை நண்பர் சும்மாவே தருகிறார். தெரிந்தவர் ஒருவரோ, புத்தகமே வேண்டாம், டம்ப்ஸை, அதாவது தேர்விலிருந்து கசிந்த கேள்வி-விடைகளை, மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, டம்ப்ஸ் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். கசிந்த கேள்விகளை வைத்துத் தேறியது தெரிந்தால் காம்ப்டியா சான்றிதழையே ரத்து செய்யலாம். மூன்று வருடம் கையால் வேலை கற்றவருக்கு அந்த வழி எதற்கு?

அடுத்து, நண்பரின் கைடு. அந்தக் காலத்துத் தேர்வின் எண், தாளுக்கு ஒன்றாக, 220-1001, 1002. அது 2022-இலேயே முடிந்துபோனது. இப்போது நடப்பது 2025 மார்ச்சில் வந்த 220-1201, 1202. விண்டோஸ் 11 வந்ததே 2021-இல்தானே, 2019 புத்தகத்தில் எப்படி இருக்கும்? பழைய புத்தகக் கடையில் 1101, 1102 என்று அட்டை போட்ட கைடுகளும் மலிவாகக் கிடைக்கும். அதுவும் 2025 செப்டம்பரோடு போய்விட்டது. ஆகவே அட்டையில் முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தேர்வுக்கான பாடப்பட்டியலைக் காம்ப்டியாவே இலவசமாகத் தருகிறது. அதைப் பிரின்ட் எடுத்து, தெரிந்ததையெல்லாம் பென்சிலால் டிக் செய்யுங்கள். ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாம் உங்களுக்கு டிக்தான். டிக் விழாத தலைப்பு ஒன்றை எடுத்து, கடையில் நின்றபடியே இரண்டு புத்தகங்களில் படித்துப் பாருங்கள். எது புரிகிறதோ அதை வாங்குங்கள். தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொன்றும் மனசில் வையுங்கள். உங்களைப் போன்ற அனுபவசாலிகள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால் உங்கள் கை தானாக ராமைக் கழற்றித் துடைக்கும். தேர்வோ, ‘முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கும். வாடிக்கையாளரிடம் விசாரித்துப் பிரச்சினையை அறிவது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது, கடைசியில் எழுதிவைப்பது என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கடையில் யாரும் எழுதிவைப்பதில்லை. தேர்வில் அதற்கும் மார்க் உண்டு. அதனால் பயிற்சிக் கேள்விகளுக்கு வெறும் விடை மட்டும் தரும் கைடு உங்களுக்கு ஆகாது. மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்றும் சொல்கிற கைடுதான் வேண்டும்.

தேர்வு இரண்டு தாள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. 900-க்கு முதல் தாளில் 675, இரண்டாவதில் 700 எடுக்கவேண்டும். முதல் தாளுக்கான புத்தகத்தை மட்டும் இப்போது வாங்கினாலும் போதும். வீட்டில் இடைஞ்சல் என்றால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது.

அப்புறம், நண்பர் தரும் கைடை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். லேசர் பிரின்டர் பாடத்துக்கு அது இன்றும் உதவும். காகிதத்தில் விழுந்த டோனர் பொடி விரலில் ஒட்டினால், அதைச் சூட்டால் காகிதத்தில் பதியவைக்கும் ஃப்யூசர்தான் அன்றும் கோளாறு, இன்றும் அதுதான்.