மானியம் வாங்கித் தருபவருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் வாடகை ஷெட்டில் ஒரு மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறேன். இன்னொரு செக்கும் ஃபில்டரும் வாங்க 5 லட்சம் ஆகும். 35 சதவீத மானியத்தில் லோன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்பணமாக 15,000 ரூபாயும், மானியம் வந்ததும் அதில் பத்து சதவீதமும் கேட்கிறார். எட்டு லட்சத்துக்குக் கொட்டேஷன் போட்டால் கைக்காசே போட வேண்டாமாம். நம்பலாமா? ஷெட் வாடகையையும் லோனில் சேர்க்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் திட்டம் உண்மையானதுதான். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கியது. பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள். திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். குறைந்தது பத்து சதவீதம் நீங்கள் போட வேண்டும், மீதி வங்கிக் கடன்.

விண்ணப்பம் போடுவதிலிருந்து வங்கிக்கு அலைவது வரை உங்களுக்கு உதவ மாவட்டந்தோறும் டி.ஆர்.பி. எனப்படும் மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். கடன் கிடைக்கும் ஒவ்வொருவருக்கும் 20,000 ரூபாய் என்று அரசே அவர்களுக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் பாதி, கடன் அனுமதியானதும்; மீதி, உங்கள் பதிவு, பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு. இந்த வேலைக்குத்தான் உங்கள் ஆள் தனியாகக் கேட்கிறார். இப்படி ஒருவர் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பேனருக்குச் செலவு செய்யும் அலுவலகங்கள் டி.ஆர்.பி.யின் போன் நம்பரை வாசலில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? உத்யம் எனப்படும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. அதற்கு 2,000, 3,000 என்று பிடுங்குபவர்களையும் நம்பாதீர்கள்.

‘மானியம் வந்ததும் பத்து சதவீதம்’ என்பதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் தனியாக வைக்கப்பட்டிருக்கும். கடனின் கடைசித் தவணையை வங்கி விடுவித்து மூன்று வருடம் கழித்தும் கணக்கு ஒழுங்காக இருந்து, தொழிலும் ஓடினால்தான் அது கடனில் கழியும். நடுவில் கணக்கு வாராக்கடன் ஆனால் வங்கி அதைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும். கமிஷன் மட்டும் அதற்கு முன்பே உங்கள் சேமிப்பிலிருந்து போயிருக்கும்.

சரி, எட்டு லட்சம் கொட்டேஷன். உண்மை விலை 5 லட்சத்துக்குப் போனால் உங்கள் பங்கு 50,000, கடன் நாலரை லட்சம், மானியம் 1,75,000. அது கழிந்தால் நீங்கள் அடைக்க வேண்டிய அசல் 2,75,000. எட்டு லட்சம் என்று காட்டினால் கடன் 7,20,000, மானியம் 2,80,000, அசல் 4,40,000. வங்கி பணத்தை மெஷின்காரருக்கே நேரடியாகக் கொடுக்கும். கூடுதல் மூன்று லட்சத்தில் ஜி.எஸ்.டி., கமிஷன் என்று பிடித்ததுபோக அவர் கொடுத்ததுதான் உங்களுக்கு. ஆனால் பெரிதாகிப்போன கடனுக்கு வட்டி கட்டுவது நீங்கள். ஆய்வுக்கு வருபவர் மெஷினையும் பில்லையும் ஒப்பிட்டால் மாட்டுவதும் நீங்கள்தான், கையெழுத்து உங்களுடையது. லோன் வாங்கித் தருவதாகச் சொன்னவரின் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது.

வாடகை விஷயத்துக்கு வருவோம். நிலத்தின் விலையை இந்தத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையைச் சேர்க்கலாம், ஆனால் அதிகபட்சம் மூன்று வருட வாடகைதான். மாதம் 6,000 என்றால் 2,16,000 வரை. ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தாலும் கணக்கில் மூன்று வருடம்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; தெரிந்தவர் ஷெட், வாய்வார்த்தை என்பதெல்லாம் வங்கியில் செல்லாது. இருந்தாலும் சேர்க்காதீர்கள் என்றே சொல்வேன். இப்போது எண்ணெய் விற்றுக் கட்டும் வாடகையைக் கடனாக்கி அதற்கு ஏன் வட்டி கட்ட வேண்டும்?

கடலை வாங்க வேண்டிய நடைமுறை மூலதனத்துக்கு மானியம் கிடையாது. அவசரப்பட்டு ரொக்கத்தில் மரச்செக்கை வாங்கிவிடவும் வேண்டாம், வங்கிக் கடன் இல்லாமல் மானியம் இல்லை.

திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் டி.ஆர்.பி.யின் நம்பரை வாங்குங்கள். ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட்’டை அவரோடு உட்கார்ந்து உங்கள் சொந்தக் கணக்கில் எழுதுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய ஜெராக்ஸ் ரிப்போர்ட்டை வங்கி மேலாளர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அடமானம் கேட்டால், குறு, சிறு தொழிலுக்கு நாலரை லட்சம் போன்ற சிறிய கடனுக்கு அடமானம் வாங்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். ‘மேலிடத்தில் பெண்டிங்’ என்று மூன்று மாதம் இழுத்தால், மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஃபைல் நகரும்.