விடியல் விளக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வேலூரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருடமாக மணி அடிக்கும் அலாரம் இல்லாமல், மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும் விளக்கை வைத்துத்தான் எழுந்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒளி, கண், விளக்கு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். தூக்க மாத்திரை, குறட்டை, மனச்சோர்வு எல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே விடிவிளக்கு இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விடிவிளக்கு என்று நாம் சொல்வது இரவு முழுக்க எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு. இது இரவெல்லாம் அணைந்திருக்கும். நீங்கள் ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் ஐந்தரைக்கு மங்கலான சிவப்பில் தொடங்கி, ஆரஞ்சாகி, ஆறு மணிக்கு முழு வெளிச்சத்துக்கு வரும். விடிவிளக்கு எரியும் அறையில் இதை வைத்தால் பாதிப் பலன் போய்விடும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் அந்த மாற்றம்தான் நம்மை எழுப்புகிறது.

காட்பாடி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கண் மூடியிருக்கும்போது வெளிச்சம் எப்படித் தெரியும் சார்? நான் எட்டு மணிக்கு எழுகிறவன். இந்த விளக்கு வாங்கி நாளையிலிருந்து நாலு மணிக்கு எழ முடியுமா?

முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி தம்பி. இமை கதவு மாதிரி அடைப்பதில்லை, திரைச்சீலை மாதிரிதான். கொஞ்சம் வெளிச்சம் உள்ளே கசியும், அதிலும் சிவப்புப் பக்கத்து நிறங்கள் நீலத்தைவிட அதிகமாக நுழையும். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், எல்லாம் சிவப்பாகத் தெரியும்.

விழித்திரையில் பார்வைக்கான செல்கள் மட்டும் இல்லை. வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் உண்டு. மெலனாப்சின் என்ற பொருள் அவற்றில் இருக்கிறது. நீல ஒளிக்கு, அதாவது 480 நானோமீட்டர் வாக்கில், அது நன்றாக வேலை செய்யும். இந்தச் செல்கள் வெளிச்சத்தைத் தாங்களாகவே உணர்கின்றன என்பது 2002இல்தான் தெளிவானது. மனிதன் நூற்றாண்டுகளாகக் கண்ணை ஆராய்ந்தும் இது நம் காலத்தில்தான் தெரிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. அவை மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம், அப்படிச் செய்யாதீர்கள். வழக்கமாக எழும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்பின் சூடு ஆகக் குறைவாக இருக்கும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் உடல் கடிகாரம் முன்னால் நகரும். அதற்கு முன்பே பட்டால் எதிர்ப்பக்கம் போகும். எட்டு மணிக்கு எழுகிறவருக்கு அந்தக் கட்டம் ஐந்து, ஆறு மணி வாக்கில் வரும். நாலு மணிக்கு விளக்குப் போட்டால் உங்கள் உடம்பு அதைச் சாயங்கால வெளிச்சமாக எடுத்துக்கொண்டு, நாளைக்கு இன்னும் தாமதமாகத் தூங்கச் சொல்லும். எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் வீதம் முன்னால் கொண்டு வாருங்கள். படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னால் கொண்டு வரவேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் வெள்ளை ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இதை இன்னும் பல முறை சொல்லப் போகிறேன்.

ராணிப்பேட்டை: எந்தக் கம்பெனி விளக்கு நல்லது?

கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்: இருபது முதல் நாற்பது நிமிடம் வரை மெதுவாகக் கூட வேண்டும். முழு அளவில் தலையணைப் பக்கம் 200, 300 லக்ஸாவது (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வர வேண்டும். கரண்ட் போனால் மணியை மறக்காமல் இருக்க உள்ளே பட்டன் பேட்டரி இருக்க வேண்டும். போன் கேமராவில் விளக்கைப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடக் கூடாது, ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம். முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தலை மட்டத்தில் வையுங்கள்.

வேலூர், செவிலியர்: எனக்கு மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்து, மூன்று மணிக்கு எழுகிறேன். எழுந்த பிறகு ஒரு மணி நேரம் தலை பாரமாக இருக்கிறது. இது எனக்கு உதவுமா?

அக்கா, இந்த விளக்கால் நம் ஊரில் அதிகம் பயன்பெறுவது உங்களைப் போன்றவர்கள்தான். எழுந்ததும் வரும் அந்த மந்தம் பொதுவாகக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் இருக்கும், தூக்கம் பற்றாதவர்களுக்கு நீளும். வெளிச்சத்தோடு எழுந்தவர்கள் அந்த மந்தம் குறைவாக இருந்ததாகச் சொல்வது ஆய்வுகளில் வந்திருக்கிறது. பகலில் தூங்குகிறவர்கள் அறையை நல்ல இருட்டாக்க வேண்டும். கறுப்புத் துணியோ கெட்டியான திரையோ போட்டு, ஜன்னல் இடுக்குகூட விடாதீர்கள். அப்படி இருட்டாக்கிய அறையில் மூன்று மணி என்று உடம்புக்குச் சொல்ல வேறு வழியே கிடையாது. இரண்டரைக்கு விளக்குத் தொடங்கட்டும்.

டியூட்டி முடிந்து வரும் வழியில் காலை வெயில் முகத்தில் அடித்தால் தூக்கம் விலகிப் போகும். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டி ஓட்டி வருகிறீர்கள் என்றால் அது வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு இருட்டுக் கண்ணாடியும் சேர்ந்தால் ஆபத்து. முடிந்தால் அந்த நாட்களில் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஏசி இல்லாத அறை என்றால் சித்திரை, வைகாசியில் விளக்கைவிட வெயில்தான் முதலில் எழுப்பிவிடும். அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

ஆரணி: போனில் பிளாஷ் அடிக்கும் அலாரம் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அது ஒரே அடியாக முகத்தில் அடிக்கும், மெல்ல எழுப்பாது.

குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தால் கிழக்கு வெளுக்கும்போது தானாக விழிப்பு வருகிறது. சூரியன் சும்மா தருவதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

வாத்தியார் ஐயா, பாதிக்கு மேல் உங்கள் பக்கம்தான் நான். இந்த விளக்கு பிறந்தது வட நாடுகளின் குளிர்காலத்துக்காக. லண்டனில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் வரும், பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. அங்கே குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை 1984இல் ரோசந்தால் என்ற மருத்துவர் விவரித்து எழுதினார். அதற்கு வெளிச்சத்தால் வைத்தியம் தேடியபோதுதான் செயற்கை விடியலையும் சோதித்துப் பார்த்தார்கள். நாம் இருப்பது வடக்கே 13 டிகிரியில். வேலூரில் மே கடைசியில் ஐந்தே முக்கால் வாக்கில் உதயம், ஜனவரி கடைசியில் 6:40 வாக்கில். வருடம் முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து ஆறரைக்கு எழுகிறவருக்கு இந்த விளக்கு தேவையே இல்லை.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: வாத்தியாருக்குப் பென்ஷன் வருகிறது, ஆறரைக்கு எழலாம். எனக்கு ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். நாலரைக்கு எந்தச் சூரியன் வருகிறது?

குடியாத்தம்: எங்கள் அப்பா தறி நெய்தவர். நாலு மணிக்கு எழுந்தார், எந்த விளக்கும் இல்லாமல். எட்டு மணிக்குப் படுத்தார், அவ்வளவுதான் ரகசியம்.

மேல்விஷாரம், கல்லூரி ஆசிரியை: நாங்கள் பஜ்ர் தொழுகைக்கு வருடம் முழுக்க இருட்டில்தான் எழுகிறோம். மாடியில் படுக்கலாம் என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களுக்கு அது எல்லா வீட்டிலும் நடக்குமா? கொசு வேறு.

மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆனால் பேசுவது வேறு வேறு விஷயம். வாத்தியார் ஐயாவின் அப்பா நாலு மணிக்கு எழுந்ததற்குக் காரணம் எட்டு மணிக்குப் படுத்தது. அதோடு அவர் வீட்டில் எட்டு மணிக்கு மேல் இருந்தது ஒரு சிம்னி விளக்காகத்தான் இருக்கும். அந்த மஞ்சள் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காது. இன்று பத்தரை வரை வெள்ளை ட்யூப்லைட்டின் கீழே உட்கார்ந்துவிட்டு, அதே நாலு மணியை எதிர்பார்க்கிறோம்.

ஆம்பூர்த் தம்பியின் நாலரை மணிக்கு வருடத்தில் எந்த நாளிலும் நம் வானம் வெளுக்காது. நல்ல வெளிச்சம் பரவுவது உதயத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் முன்னால்தான். பஜ்ர் நேரம் தொடங்குவது உதயத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்னால், அப்போது கிழக்கே ஒரு கோடுதான் தெரியும். கோட்டைக்குக் கிழக்கே மலைகள் வேறு நிற்கின்றன, அவற்றின் அடியில் குடியிருப்பவர்களுக்கு வெயில் இன்னும் பிந்தித்தான் எட்டும். ஆகவே ஐந்தரைக்கு முன்னால் எழ வேண்டியவர்கள், ஜன்னல் இல்லாத அறையில் படுப்பவர்கள், ஏசிக்காக எல்லாவற்றையும் மூடி வைப்பவர்கள், இவர்களுக்கு விளக்கு நிஜமாகவே உதவும். மற்றவர்கள் வாத்தியார் ஐயா பேச்சைக் கேளுங்கள், காசு மிச்சம்.

குடியாத்தம்: அப்படியென்றால் ட்யூப்லைட்டை மாற்றினால் பாதி வேலை முடிந்தது என்கிறீர்களா?

ஆமாம் ஐயா. படுக்கும் அறையில் மஞ்சள் பல்பு போடுங்கள், 2700 கெல்வின் என்று அட்டையில் இருக்கும். விளக்கு அலாரம் வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் இதைச் செய்து, இரண்டு வாரம் பாருங்கள். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

வாலாஜா: சார், எந்தக் கம்பெனி வாங்கலாம்?

ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆற்காடு: ஸ்மார்ட் பல்பை நேரம் வைத்து எரியவிட்டால் அதே பலன் வருமா?

வரும், செலவும் குறைவு. ஒன்பது வாட்ஸ் பல்பை மேஜை விளக்கில் போட்டு, வெள்ளைத் துணிக்கூடு மாட்டுங்கள். பல்பு நேரடியாகக் கண்ணில் தெரியக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நான் முதலில் இதைத்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போய் வந்தது. பல்பு முழு வெள்ளையில் எரிய, விடிந்துவிட்டது என்று எழுந்து பல் தேய்த்துவிட்டேன். பிறகு மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை. கரண்ட் திரும்பி வந்தால் அணைந்தே இருக்கும்படி வைக்கும் வசதி பல பல்புகளில் உண்டு, ஆப்பில் தேடி முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

வேலூர்: எனக்குச் சர்க்கரை. விழித்திரையில் லேசர் வைத்திருக்கிறார்கள். பயன்படுத்தலாமா?

உங்கள் கண் மருத்துவரிடம் கேட்ட பிறகுதான். வலிப்பு உள்ளவர்களும், மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் அப்படியே. பின்னவர்களுக்குக் காலையில் பலமான வெளிச்சம் மனநிலையை அளவுக்கு மேல் தூக்கிவிடலாம். என் கடையிலும் இதையேதான் சொல்வேன்.

திருவலம்: எந்தக் கம்பெனி என்று சொல்லவே மாட்டீர்களா?

மாட்டேன். கடையில் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். வீட்டு ட்யூப்லைட்டை முதலில் அணையுங்கள்.

பேரணாம்பட்டு: என் மகளுக்குக் காது கேட்காது, பத்தாம் வகுப்பு. தினமும் அவள் அம்மா தொட்டு எழுப்புகிறாள். அடுத்த வருடம் ஹாஸ்டலுக்குப் போகிறாள், தானாக எழ வேண்டும் என்கிறாள்.

வாங்கிக் கொடுங்கள் ஐயா, யோசிக்கவே வேண்டாம். அவளுக்கு வெளிச்சம் மட்டும் போதாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் தெரியாமல் போகும். தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் வட்டமான கருவி உண்டு, அதையும் சேர்த்து வாங்குங்கள். விளக்கு ஐந்தரைக்குத் தொடங்கட்டும், ஆறுக்கு அதிரட்டும். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்களுக்கும் வெளிச்சம் தெரியும், அதனால் முன்கூட்டியே வார்டனிடம் சொல்லி ஓரத்துக் கட்டிலாகக் கேளுங்கள். கோடை விடுமுறையிலேயே வீட்டில் பழக ஆரம்பிக்கட்டும். முதல் இரண்டு வாரம் அம்மா பக்கத்தில் விழித்திருந்தால் போதும், தொட்டு எழுப்ப வேண்டாம்.